மூட வேண்டிய கண்

அத்தியாயம் பதினொன்று

வாரத்தில் ஆறு நாள் அப்பா கண்ணில் பிளாஸ்திரி ஒட்டினால் வாயைத் திறக்காத மௌனிகா, ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒட்டினால் மட்டும் ஏன் வீட்டையே இரண்டாக்குகிறாள்? போன வாரம் லோகப்பிரியா இந்தக் கேள்வியோடுதான் படுக்கப் போனாள். "நீ ஒட்டுனா ஒண்ணுமே தெரிய மாட்டேங்குதும்மா, அப்பா ஒட்டுனா நல்லாருக்குது" என்று பெண் சொன்னது அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. பெற்றவளின் கை அவ்வளவு முரடாகவா போய்விட்டது?

இந்த வாரம்தான் வந்து சேர்கிறவர்களுக்குக் கதையை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். மௌனிகாவுக்கு எட்டு வயது முடிந்துவிட்டது. இடது கண் மூக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். மாறுகண் என்றால் நம் பக்கத்தில் அழுகிறவர்கள் யார், மாறுகண் அதிர்ஷ்டம் என்று பூ வைத்துக் கொண்டாடுகிறவர்கள்தானே அதிகம். அவள் பிறந்த வருடம் அப்பா மதன்குமார் கணபதிப் பக்கம் ஒரு பழைய லேத்தை வைத்துப் பட்டறை ஆரம்பித்தான். பம்ப் செட்டுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கிற வேலை. தொழில் கிடுகிடுவென்று ஏறியது. "என்ற புள்ள கண்ணு பட்டா இரும்பும் பொன்னாகும்" என்று அவன் சொல்லாத நாள் கிடையாது. புது மெஷின் எது வந்தாலும் முதல் பட்டனை அழுத்துகிறவள் மௌனிகாதான்.

இப்படிக் கொண்டாடிய கண்ணுக்குப் பார்வை குறைவு என்று பள்ளிக்கூடத்து முகாமில் சொன்னார்கள். டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். கூடவே, நன்றாகப் பார்க்கிற வலது கண்ணைத் தினமும் நாலு மணி நேரம் பிளாஸ்திரி போட்டு மூட வேண்டும் என்றார். லோகப்பிரியாவுக்குப் பீளமேட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மதியம் போய் இரவு திரும்புகிற ஷிப்ட். அதனால் பள்ளிக்கூட வேன் பெண்ணைப் பட்டறையில் இறக்கிவிடும், மதன்குமார் ஒட்டிவிடுவான். லோகப்பிரியா வருவதற்குள் பெண் பிளாஸ்திரியை உரித்துப் போட்டுவிட்டுத் தூங்கிப்போயிருப்பாள்.

இப்படியே மாதங்கள் ஓடின. இன்றைக்குப் பரிசோதனை, லோகப்பிரியா லீவு போட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை, வளர்பிறை, முகூர்த்த நாள். பட்டறையில் புது மெஷினுக்கு அன்றைக்குத்தான் பூஜை. மதன்குமார் விடியற்காலையிலேயே வாழைமரம் கட்டக் கிளம்பிவிட்டான்.

"பதினொண்ணரைக்குள்ள புள்ளையக் கூட்டிட்டு வந்துரு அம்மணி. நல்ல நேரம் முடிஞ்சுபோச்சுன்னா அண்ணன் கத்துவாரு. அவள வுட்டா யாரு பட்டன் போடறது?"

"டாக்டர் பார்த்ததும் நேரா வந்தர்றமுங்க. நீங்களும் ஒரு தடவ ஆஸ்பத்திரிக்கு வந்தா என்னங்க?"

"நான் வந்து என்ன பண்றது? தினமும் ஒட்டறது நான்தானே. அதெல்லாம் நேராயிருக்கும் பாரு" என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான்.

லோகப்பிரியாவுக்கும் நம்பிக்கைதான். பெண்ணுக்கு ரெட்டைச் சடை போட்டுப் பட்டுப் பாவாடை கட்டிவிட்டாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டியபோது இடது கண்ணைச் சுற்றி லேசாகச் சிவந்திருந்தது. இரண்டு மூன்று மாதமாகவே அப்படித்தான். இரவில் வேலை முடிந்து வந்து, தூங்குகிற பெண்ணின் இமையோரம் விரலால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவுவது அவள் வழக்கம். இன்றைக்கும் ஒரு சொட்டுத் தடவிவிட்டாள்.

டாக்டர் அஃப்ஷீன் அதிகம் பேசுகிறவர் இல்லை. சிறு பிள்ளைகளின் கண்ணை மட்டுமே பார்க்கிற டாக்டர் என்பதால் அறை முழுக்கப் பொம்மை. மௌனிகாவை நாற்காலியில் உட்கார வைத்து முதலில் இடது கண்ணை மூடச் சொன்னார். பெண் கடைசி வரிவரை கடகடவென்று படித்தாள். பிறகு வலது கண்ணை மூடச் சொன்னார்.

"மேலே இருக்கற பெரிய எழுத்து தெரியுதா?"

"தெரியுதுங்க."

"அதுக்குக் கீழே?"

மௌனிகா கழுத்தை நீட்டினாள். தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள்.

"கோடு மாதிரி என்னமோ இருக்குதுங்க டாக்டரம்மா."

முதல் தடவை வந்தபோதும் பெண் இதே வார்த்தையைத்தான் சொன்னாள்.

டாக்டர் விளக்கைப் போட்டார். "ஒரு இன்ச்கூட முன்னேற்றம் இல்லைங்க. தினமும் ஒட்டறீங்களா?"

"ஒரு நாள் தவறாம ஒட்டறமுங்க. அவங்கப்பா பட்டறையில ஒட்டிவுட்டு, நாலு மணி நேரம் முடிஞ்சுதுன்னு எனக்குப் போன்கூடப் பண்ணுவாருங்க."

டாக்டர் குனிந்து மௌனிகாவின் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியை மெதுவாகக் கழற்றிவிட்டு இடது கண்ணைச் சுற்றிச் சிவந்திருந்த தோலை விரலால் தொட்டார். வலது கண்ணைச் சுற்றியும் தொட்டுப் பார்த்தார். அங்கே தோல் வழுவழுவென்று இருந்தது.

"பிளாஸ்திரி ஒட்டற இடம்தான் இப்படிச் சிவக்கும்" என்றார். "கண்ணு, அப்பா எந்தக் கண்ணுல ஒட்டுவாங்க?"

மௌனிகா அம்மாவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

லோகப்பிரியாவுக்குப் பதில் தெரிந்துவிட்டது. ராத்திரி ராத்திரி எண்ணெய் தடவிய விரல் அவளுடையதுதானே? எந்தக் கண் சிவந்திருக்கிறது என்று ஒரு நாளாவது யோசித்தாளா? கண்ணிருந்தும் குருடி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

"நெசமா எனக்குத் தெரியாதுங்க டாக்டர். ஞாயித்துக்கெழம மட்டும் நான் ஒட்டுவனுங்க. சரியாத்தான் ஒட்டுனேன். அன்னைக்கு அழுவா. நான் அடம்னு நெனச்சுட்டனுங்க."

"அடம் இல்லைங்க. நல்லாப் பார்க்கற கண்ணை மூடினா, அவளுக்கு உலகமே மங்கிப்போகும். அழத்தான் செய்வா. அழுதா நீங்க சரியா ஒட்டியிருக்கீங்கன்னு அர்த்தம்."

டாக்டர் ஒரு பொம்மையின் கண்ணைக் கையால் மறைத்துக் காட்டினார். "இந்த இடது கண்ணுக்குள்ள நோவு எதுவும் இல்லைங்க. கண்ணு பார்க்குது, மூளை அதை வாங்கிக்க மாட்டேங்குது. ஒரு கண்ணு நேராவும் ஒரு கண்ணு கோணலாவும் பார்த்தா எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியும் இல்லையா? அந்தத் தொந்தரவே வேண்டாம்னு சின்ன வயசுலயே மூளை ஒண்ணை ஒதுக்கி வச்சுடும். நல்ல கண்ணை மூடினாத்தான் வேற வழியில்லாம ஒதுக்கி வச்ச கண்ணைக் கூப்பிடும். நீங்க ஒதுக்கி வச்சதையே மறுபடியும் மூடிட்டீங்க."

"இனிமே சரியா ஒட்டுனா வந்துருமுங்களா?"

"நாலஞ்சு வயசுல வந்திருந்தா தைரியமாச் சொல்லியிருப்பேன். வயசு ஏற ஏற மூளை கேட்காது. இன்னும் கதவு சாத்தலைங்க, ஆனா சாத்திக்கிட்டே இருக்கு. போன மாசங்கள் போனதுதான். இனிமே பள்ளிக்கூடத்துலயும் ஒட்டணும், ஆறு மணி நேரம். ஒட்டிக்கிட்டுப் படிக்கணும், வரையணும். புள்ளையும் மனசு வைக்கணும். அவ பிளாஸ்திரிய ஓரமாத் தூக்கிப் பார்த்தா நம்மால ஒண்ணும் பண்ண முடியாது."

"ஆபரேசன் பண்ணினா வருமுங்களா?"

"ஆபரேசன் பண்ணினா கண்ணு நேரா நிக்கும். பார்வை வராதுங்க."

டாக்டரே அங்கேயே வலது கண்ணில் ஒட்டி, மேலே கண்ணாடியை மாட்டிவிட்டார். மௌனிகா அழவில்லை. அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, தரை எங்கே இருக்கிறது என்று காலால் தேடித் தேடி நடந்தாள். லோகப்பிரியா அவளைப் படியில் தூக்கிக்கொண்டுதான் இறங்கினாள்.

பட்டறை வாசலில் வாழைமரம், மாவிலைத் தோரணம், நாதஸ்வரம் பாடும் ஸ்பீக்கர். உள்ளே புது மெஷினுக்குச் சந்தனம் பூசி மாலை போட்டிருந்தார்கள். உறவுக்காரர்கள், பம்ப் கம்பெனிக்காரர்கள், அக்கம்பக்கத்துப் பட்டறை முதலாளிகள் என்று நல்ல கூட்டம். ஆண்கள் அத்தனை பேரும் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. நடுவில் மதன்குமாரின் அண்ணன் குமாரசாமி, அவிநாசியிலிருந்து வந்தவர், சூடத் தட்டோடு நின்றார்.

"வந்துட்டாளுங்க மகாலட்சுமி! வா கண்ணு வா!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

லோகப்பிரியா பெண்ணின் கையை விட்டாள். வேண்டுமென்றேதான் விட்டாள். கோபம் அவளுக்கு உச்சந்தலையில் நின்றது. ஆனால் கூட்டத்தில் கத்துகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"அப்பாகிட்டப் போ சாமி."

மௌனிகா நடந்தாள். நாலு அடி வைத்தாள், நின்றாள், தலையைச் சாய்த்தாள். மறுபடி நடந்தாள். அப்பா மெஷினுக்கு வலது பக்கம் ஊதுபத்தியோடு நிற்கிறான். அவள் இடது பக்கம் போய்க் குமாரசாமியின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்தாள்.

"அப்பா, பட்டன் எங்கப்பா?"

கூட்டத்தில் ரெண்டு பேர் சிரித்தார்கள். குமாரசாமியும் சிரித்தார். "ஏங்கண்ணு, பெரியப்பன அப்பனாக்கிப் போட்டியா?"

"அப்பா இங்க இருக்கறன் தங்கம். என்ன, வெளையாடறியா?" என்றான் மதன்குமார்.

பெண் குரல் வந்த பக்கம் திரும்பினாள். முகம் சுண்டிப்போயிருந்தது. "இல்லப்பா. எல்லாரும் வெள்ளையா இருக்கறீங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மதன்குமார் அப்போதுதான் பிளாஸ்திரி எந்தக் கண்ணில் இருக்கிறது என்று பார்த்தான். மனைவி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "என்ன அம்மணி இது, நல்ல கண்ணப் போயி மூடிக் கூட்டியாந்திருக்கற? நல்ல நேரம் போகுது, மொதல்ல கழட்டி வுடு."

"கழட்ட மாட்டனுங்க. நீங்க கொண்டாடற கண்ணுல அவளுக்கு என்ன தெரியுதுன்னு நீங்களும் ஒரு தடவ பாருங்க."

புருஷனிடம் அவள் இப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை.

குமாரசாமி பெண்ணைத் தோளைப் பிடித்து மெஷின் முன்னால் நிறுத்தினார். பச்சைப் பட்டன் அவள் முகத்துக்கு நேரே இருந்தது. அவள் கையை நீட்டி மாலையைத் தொட்டாள். பிறகு சந்தனத்தைத் தொட்டாள். பலகை முழுக்கத் தடவிக்கொண்டே போய்ச் சிவப்புப் பட்டனில் கை வைத்தாள். "இதுங்களா?" என்றாள். கடைசியில் மதன்குமாரே வந்து அவள் விரலைப் பிடித்துப் பச்சையின் மேல் வைத்தான். மெஷின் ஓடியது. கை தட்டினார்கள். அவன் அந்த விரலை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றான்.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது பின்பக்கம் எண்ணெய் டிரம்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த மதன்குமாரை லோகப்பிரியா கண்டுபிடித்தாள். டாக்டர் சொன்னதையெல்லாம் அவனிடம் சொன்னாள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது அழுகைதான் இருந்தது.

"மொத வாரம் சரியாத்தான் ஒட்டுனேன்" என்றான் அவன். "கதவுல முட்டிக்கிட்டா. ஓடற லேத்துப் பக்கம் கையக் கொண்டு போனா. எனக்கு உசுரே போயிருச்சு. நல்லா இருக்கற கண்ண எதுக்கு மூடோணும், கோணற கண்ணக் கட்டிப்போட்டாத் தானா நேராயிரும்னு நெனச்சுப்போட்டேன். சாயற வாழையக் குச்சி வச்சுக் கட்டறதில்லையா நாம? மாத்தி ஒட்டுனதும் சிரிச்சுக்கிட்டு வெளையாடுனா. செரியாயிருச்சுன்னு வுட்டுட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்கல்ல?"

"சொன்னா நீ சண்டைக்கு வருவியேன்னு..." என்று இழுத்தான். "அந்தக் கண்ணு கொஞ்சம் கோணலாப் பார்க்குதுன்னுதான் நெனச்சேன். பார்க்கவே இல்லைன்னு எனக்குத் தெரியாது லோகு. பெத்த அப்பன் நிக்கறது தெரியலையே அவளுக்கு!"

பாசமாகத்தான் செய்தான். அதுதான் லோகப்பிரியாவைக் கொன்றது. வேண்டுமென்று செய்திருந்தால் ஒரு மாதம் பேசாமல் இருந்து தீர்த்துக்கொள்ளலாம். பிள்ளை முட்டிக்கொள்ளக் கூடாதே என்று பதறியவனை எதைச் சொல்லித் திட்டுவது? அவள்தான் என்ன, கல்யாண வீடுகளில் "உம்பட புள்ள அதிர்ஷ்டக்காரி" என்று யாராவது சொன்னால் உள்ளுக்குள் குளிர்ந்துபோனவள்தானே. இரண்டு வயதிலேயே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டாமா?

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மதன்குமார் வேட்டியைக்கூட மாற்றவில்லை. பெண்ணின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாசிமணியும் நூலும் எடுத்து வைத்தான். மூடிய கண்ணோடு அவள் கோக்க வேண்டும். பத்துப் பாசிமணிக்கு ஒன்றுதான் நூலில் ஏறியது. மற்றதெல்லாம் தரையில் உருண்டது. அவன் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தான். நேரம் முடிந்ததும் பிளாஸ்திரியைத் தண்ணீர் தொட்டு நோகாமல் உரித்தான்.

லோகப்பிரியா சமையல்கட்டில் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைல இருந்து இந்தக் கண்ணத்தான் ஒட்டோணும் சாமி. ஸ்கூல்லயும் ஒட்டோணும். அப்பா தெரியாமத் தப்பாச் செஞ்சுபோட்டேன்" என்றான்.

"எனக்குத் தெரியுமே" என்றாள் மௌனிகா.

"என்ன தெரியும்?"

"நல்லாப் பார்க்கற கண்ணத்தான் மூடோணும்னு டாக்டரம்மா மொத நாளே எங்கிட்டச் சொன்னாங்க. நீங்க மாத்தி ஒட்டுனப்பவே எனக்குத் தெரியும்ப்பா."

தோசைக்கல் புகைந்தது. லோகப்பிரியா அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியருகே வந்து நின்றாள்.

"அப்புறம் ஏன் கண்ணு அப்பாகிட்டச் சொல்லல?"

"நேராயிருச்சுன்னா அதிர்ஷ்டம் போயிரும்ல? அன்னைக்குப் பெரியப்பா வந்தப்பச் சொன்னாரே, கண்ண நேராக்கிப்போட்டா பட்டறைக்கு ஆர்டர் எப்படிடா வரும்னு. நீங்களும் சிரிச்சீங்க." அவள் சிதறிய மணிகளைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே சொன்னாள். "எனக்கு ஒரு கண்ணே போதும்ப்பா. இதுலயே எல்லாம் தெரியுது. நான் ஸ்கூல்ல ஒட்டல."

மதன்குமார் பெண்ணை இழுத்து மடியில் போட்டுக்கொண்டான். "அதெல்லாம் பொய் சாமி. அதிர்ஷ்டமெல்லாம் ஒண்ணும் கெடையாது. பெரியவங்க சும்மா சொல்றது."

"பொய்யா?"

"பொய்தான் தங்கம்."

மௌனிகா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு கண் அவனையும் ஒரு கண் மூக்கையும் பார்த்தது.

"பொய்யின்னா இன்னைக்கு எதுக்குப்பா என்னையக் கூப்பிட்டு மெஷின் போடச் சொன்னீங்க?"

எட்டு வருடமாகச் சொன்னதை எந்த வார்த்தையால் திரும்ப வாங்குவது என்று மதன்குமாருக்குத் தெரியவில்லை. உதவிக்கு மனைவியைப் பார்த்தான்.

"அப்பா இப்பத்தான் சும்மா சொல்றீங்க" என்றாள் மௌனிகா. உரித்துப் போட்டிருந்த பிளாஸ்திரியை எடுத்துக்கொண்டு போய்க் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வந்தாள்.